பெட்ரோலா, ஹைபிரிடா... மாலதி சொன்ன தீர்ப்பு!

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தீவின் படகுத்துறையான சாத்தம் ஜெட்டியில், அக்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட் போகும் வாகன ஃபெர்ரிக்காக வரிசையில் நின்றோம். ஸ்டீயரிங்கில் என் மனைவி மாலதி. அதுவே பெரிய செய்தி!

முன்பு எங்கள் பழைய கார் இதே ஜெட்டியில், ஃபெர்ரியில் ஏறும் சரிவுப் பலகையில் நின்றுபோனது. அன்றைக்கு ஸ்டீயரிங்கை விட்டவள்தான். இப்போது அவளுக்கு அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல். ஃபெர்ரி, பஸ், நடை என்று தினமும் அல்லாடுகிறாள். புதுக் கார் வாங்கலாம்... ஆனால் மறுபடி ஓட்டுவாளா? அதுதான் என் கவலை.

சாதா பெட்ரோல் எஞ்சினா, மைல்டு ஹைபிரிடா என்று இன்னொரு குழப்பம். ஹைபிரிட் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு சேகர், "ஓட்டிப் பாருங்க அண்ணி" என்று சாவியையே கொடுத்துவிட்டார். நல்ல மனுஷன்!

வரிசை நின்றது. மாலதி நியூட்ரலில் போட்டு கிளட்சை விட்டாள். எஞ்சின் கப்சிப்!

அவள் முகம் வெளிறிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர்... "தீதி, கப்ராவோ மத்! தக்கா மாரோ!" பயப்படாதே அக்கா, தள்ளுங்கப்பா என்று அர்த்தம். ஃபெர்ரி யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் ஜெட்டியில் ஒரு வண்டி நின்றால் முன்பின் தெரியாதவர்கள்கூடத் தள்ளுவார்கள். எங்கள் தீவு வழக்கம் அது.

"கிளட்சை மிதி!" என்றேன். மிதித்தாள். எஞ்சின் உறுமக்கூட இல்லை, சட்டென்று உயிர் வந்தது. தள்ளியவர்கள் திகைத்துப்போய்ச் சிரித்தார்கள்.

இதுதான் ஹைபிரிட்! பெட்ரோலை மிச்சம் பிடிக்க, வண்டி நின்றதும் எஞ்சின் அதுவாகவே அணைகிறது. கிளம்பும்போது குட்டி மோட்டார் ஒன்று கைகொடுக்கிறது. பிரேக் போட்டால் வீணாகும் சக்தியைக்கூடச் சேமிக்கிறது. என்ன மூளை!

சரிவுப் பலகையில் முன்னால் போன ஜீப் நின்றது. எங்கள் எஞ்சினும் அணைந்தது. மறுபடி பின்னால் கைகள்! மாலதி ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ரெஹ்னே தோ பையா, விட்டுடுங்கண்ணே, நானே எடுக்குறேன்" என்றாள். எடுத்தாள். ஃபெர்ரிக்குள் அலுங்காமல் கொண்டுபோய் நிறுத்தினாள். எனக்குக் கைதட்டத் தோன்றியது... தட்டியும் விட்டேன்.

"அப்ப ஹைபிரிடே வாங்கிடலாமா?" என்றேன்.

"இதுல ரெண்டாவதா ஒரு பேட்டரி இருக்காமே... அது போனா?"

"மெயின்லேண்டுலேருந்து கப்பல்ல வரணும்."

"அப்ப சாதா பெட்ரோலே போதுங்க. கார் நின்னா தள்ளிவிட இங்க ஊரே இருக்கு. கப்பல் லேட்டானா அதைத் தள்ளிவிட யாரு இருக்கா?"

பெட்ரோல் காருக்கே சொல்லியாகிவிட்டது. இனி ஸ்டீயரிங் என் கைக்கு வருமா என்று கேட்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை!