‘மட்டும்’ என்ற நாடகம்

டாக்டர் எனக்குப் பதினைந்து நாள் ஓய்வு எழுதிக் கொடுத்த வாரத்தில்தான் அந்த ஜோக்கை எழுதினேன். சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் காலை பஸ்ஸில் பாகாலா வரை நின்றுகொண்டே வந்தேன். அங்கே ஒருவர் இறங்கியதும் கிடைத்த சீட்டில் உட்கார்ந்து, தூங்குவதற்குப் பதிலாகப் போனை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. தூங்கக்கூடத் தெம்பு இல்லாத நாட்கள் உண்டு. அது அப்படிப்பட்ட ஒரு நாள்.

நான் திருப்பதியில் அலிபிரிக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். வீடு சித்தூரில். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். நாலரைக்கு எழுந்தால்தான் சமையலை முடித்துவிட்டு ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். அந்த வருடம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டு முறை கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு சனிக்கிழமை கணவர் வண்டியில் கூட்டிப்போய் ஆஸ்பத்திரி வாசலில் விட்டார். ரத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது, மாத்திரை மட்டும் போதாது, பதினைந்து நாள் முழு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன். எல்லோரும் உடனே சரி என்றார்கள், ஆனால் விடுப்பு எடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதினேன்.

“டாக்டர் பதினைந்து நாள் முழு ஓய்வு எடுக்கச் சொன்னார். வீட்டில் சொன்னேன். மாமியார், ‘நீ எதையும் தொடாதம்மா, படுத்துக்க. சோறு மட்டும் வடிச்சிடு’ என்றார். கணவர், ‘ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத. என் சட்டைய மட்டும் தேச்சிடு’ என்றார். மகள், ‘நீ தூங்கும்மா. என் ரெக்கார்டு நோட்டுல படம் மட்டும் வரைஞ்சி குடு’ என்றாள். இப்போது நான் முழு ஓய்வில் இருக்கிறேன். ‘மட்டும்’ மட்டும்தான் செய்கிறேன்.”

இணையத்தில் என் பக்கத்தில் போட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் சிலர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். சந்திரகிரி தாண்டுவதற்குள் அதை மறந்துவிட்டேன்.

நான் மறந்தாலும் அது போய்க்கொண்டே இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் ஹாலில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். “இத்தக் கேளு,” என்று சொல்லிவிட்டு, மாமியார் குரல் ஒன்று, மகள் குரல் ஒன்று என்று மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினார். அவருடைய ஆபீஸ் குரூப்பில் வந்ததாம். என் பெயர் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. ஜோக்கில் பதினைந்து நாள் ஓய்வு ஆறு மாத ஓய்வாகியிருந்தது. என்னை பாங்கில் வேலை செய்கிறவளாக யாரோ மாற்றியிருந்தார்கள். மாமியார் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “பாவம், எந்த வீட்டுப் பொண்ணோ,” என்றார்.

நான் அடுப்படியில் இருந்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் பேச வேண்டும். பேச ஆரம்பித்தால் யாராவது வருத்தப்படுவார்கள், அவர்களைச் சமாதானப்படுத்தும் வேலையும் என் தலையில்தான் விழும். அந்தக் களைப்பை நினைத்தே பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த வருடம் கல்லூரிகளுக்கிடையே நாடகப் போட்டி வந்தது. தெலுங்கு நாடகத்துக்குக் கல்லூரியில் பெரிய குழு உண்டு. தமிழ்ப் பிள்ளைகளும் ஒன்று போடட்டும் என்று பிரின்சிபால் சொல்லி, தமிழ் பேசுகிறவள் என்ற ஒரே காரணத்துக்காக என்னைப் பொறுப்பாக்கினார். நாடகத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். “மீரு சூஸ்கோண்டி மேடம்,” என்று சிரித்தார். பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

ஆறு பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் கடைசி வருடம் படித்த ஒரு பெண், நகரி என்ற ஊர்க்காரி. வீட்டில் நான்கு விசைத்தறி, அம்மா அப்பா இருவரும் தறியில். எதையும் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடும் பெண். முதல் நாளே போனை என் முன்னால் நீட்டினாள்.

“மேடம், இத்த டிராமாவாப் போடலாம் மேடம். செம காமெடி.”

பார்த்தேன். என் ஜோக். யாரோ கீழே ரோஜாப்பூ படம் ஒட்டியிருந்தார்கள்.

“யார் எழுதியது?” என்று கேட்டேன்.

“ஃபார்வர்டு மேடம். இதெல்லாம் யாரு எழுதறாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

சரி என்று சொல்லிவிட்டேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வகுப்பில் எல்லாம் தெரிந்தவளாக நிற்கிறவள், தன் வீட்டுச் சமையலறையைத் திறந்து காட்டியதுபோல் இருக்கும் என்று கூச்சம்.

தாவரவியல் லேபில் மேஜைகளை ஒதுக்கிவிட்டு நாலு மணிக்கு ஒத்திகை. அதனால் மாலை ஐந்தரை பஸ் போய், ஆறரை பஸ் ஆனது. வீட்டுக்குப் போனதும் மாமியார், “இன்னைக்கும் லேட்டா?” என்பார். அவர் கோபமாகக் கேட்பதில்லை. பசி. ஓய்வைப் பற்றிய நாடகத்துக்காக எனக்கு இருந்த ஒரு மணி நேர ஓய்வும் போனது. யாரிடமாவது சொன்னால் அதையும் ஜோக் என்பார்கள்.

ஒத்திகையில் சீக்கிரமே ஒரு சிக்கல் வந்தது. ஜோக் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மேடையில் பதினைந்து நிமிடம் ஓட்ட வேண்டும். பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்து ‘மட்டும்’களைக் கொண்டுவந்து குவித்தார்கள். தோசைக்கு மட்டும் அரைச்சிடு. அத்தை வராங்க, அவங்களுக்கு மட்டும் ஒரு காபி. கேஸ்காரன் வருவான், கதவ மட்டும் தெற. டாக்டராக நடித்த பையன் தெலுங்கில் “பூர்த்திகா ரெஸ்ட் தீஸ்கோவாலம்மா”, முழு ஓய்வு எடுக்கணும் என்று சொல்லி முடித்த கையோடு, “போறப்ப அந்த ஃபேன மட்டும் ஆஃப் பண்ணிட்டுப் போங்க” என்றான். லேபே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மனைவியாக நடித்தது நகரிப் பெண்தான். நான்காம் நாள் நடுவில் நிறுத்திவிட்டாள்.

“மேடம், இந்தம்மா ஏன் எல்லாத்துக்கும் சரின்னு சொல்றாங்க? வாயத் தொறந்தா இன்னா?”

“அப்போதுதானே காமெடி,” என்றேன்.

“அது சரி மேடம். ஆனா எனக்கு நடிக்க வரல. எதுக்கு சரிங்கிறாங்கன்னு தெரியாம எப்டி மூஞ்ச வச்சிக்கிறது?”

எனக்குத் தெரிந்த பதில்தான். அன்று அதைச் சொல்லவில்லை. “முகத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே,” என்று மட்டும் சொன்னேன். அவள் மேஜையிலிருந்த கரண்டியை எடுத்தாள். பிறகு, “எங்கம்மா மாதிரி மேடம். தறியாண்ட நின்னுக்கினே தூங்குவாங்க. கண்ணு தெறந்துக்கினுதான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். உண்மையாகவே தூங்கிவிட்டாளோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மற்றவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நாடகத்தின் முடிவு அதிலிருந்துதான் வந்தது. முடிவைச் சொன்னவன் கணவனாக நடித்த, குப்பம் என்ற ஊரிலிருந்து வந்த பையன். மனைவி நின்றபடியே தூங்கிவிடுகிறாள். ஐயோ பாவம் என்று எல்லோரும் நுனிக்காலில் நடக்கிறார்கள். அந்த நேரம் குக்கர் விசில் அடிக்கிறது. ஒன்று. இரண்டு. எத்தனை விசிலில் நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று. நான்கு. கடைசியில் கணவன் அவள் தோளைத் தட்டி எழுப்புகிறான்: “எத்தனை விசிலுன்னு மட்டும் சொல்லிட்டுத் தூங்கு.”

“எங்க வூட்ல நெஜமாவே நடந்திச்சி மேடம்,” என்றான் பையன். “எழுப்பினது நான்தான்.”

போட்டி திருப்பதியில் இன்னொரு கல்லூரி அரங்கில், ஒரு சனிக்கிழமை. எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரம் கொடுத்திருந்தார்கள். என் வீட்டார் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மகள் பார்க்க வேண்டும் என்றாளாம். அப்படியே திருச்சானூர் கோயிலுக்கும் போய்விட்டு வரலாம் என்று கணவர் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூன்றாவது வரிசையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மேடைப் பக்கத்துத் திரையோரம் நின்றேன். முட்டி வலித்தது. உட்கார ஒரு நாற்காலி இருந்தது, அதன் மேல் பிள்ளைகளின் பைகள்.

முதல் ‘மட்டும்’ வந்ததும் அரங்கு சிரித்தது. ஐந்தாவதிலிருந்து கூட்டமே சேர்ந்து சொல்ல ஆரம்பித்தது. மேடையில் ஒருவன் “காபி…” என்று இழுக்க, அரங்கு முழுவதும் “மட்டும்!” தமிழ் தெரியாத பிள்ளைகளும் கத்தினார்கள். என் கணவரும் கை தட்டிக்கொண்டு கத்தினார். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

அவள் நின்றபடி தூங்கும் இடத்தில் கூட்டம் அமைதியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். லேபில் அப்படித்தான் ஆனது. இங்கே ஆகவில்லை. குக்கர் விசிலை அரங்கிலிருந்த மாணவர்களும் வாயால் அடித்துக் காட்டினார்கள். “மூடு! நாலுகு!” என்று பின் வரிசை தெலுங்கில் மூன்று, நான்கு எண்ணியது. கடைசி வசனத்துக்கு எழுந்த சிரிப்பில் திரை விழுந்ததே தெரியவில்லை. திரைக்குப் பின்னால் அந்தப் பெண் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“சிரிச்சிட்டாங்களே மேடம்,” என்றாள்.

“காமெடிதானே போட்டோம்,” என்றேன். எனக்கே அது நன்றாக இல்லை.

இரண்டாம் பரிசு கிடைத்தது. நடுவர்களில் ஒருவர், நகைச்சுவை பிரமாதம், ஆனால் கடைசியில் அந்த மனைவி சமுதாயத்துக்கு ஒரு செய்தி சொல்லியிருக்க வேண்டும் என்று தெலுங்கில் சொன்னார். அவளுக்குத் தூக்கம் வருகிறது, அவளிடம் போய்ச் செய்தி கேட்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலுக்குப் போய்விட்டு மாலை பாசஞ்சர் ரயிலில் ஊருக்குத் திரும்பினோம். நல்லவேளையாக எதிரெதிரே நான்கு பேருக்கும் இடம் கிடைத்தது. கணவர் உற்சாகமாக இருந்தார்.

“அது எங்க குரூப்ல வந்த ஜோக்குதான? நான் படிச்சிக் காட்டினேனே, ஞாபகம் இருக்குதா?”

“அது நான் எழுதினது.”

“டிராமாவா?”

“ஜோக்கு.”

“சும்மா சொல்லாத,” என்று சிரித்தார். நான் போனில் அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். வாசித்தார். தேதியைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். இந்த முறை குரல் மாற்றவில்லை.

“அப்ப டாக்டரு நெஜமாவே ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரா?”

“நீங்கதான வண்டியில கூட்டிக்கினு போனீங்க.”

“நான் வெளிய போன் பேசிக்கினு இருந்தேன்.”

“வீட்டுக்கு வந்து சொன்னேன். எடுத்துக்கன்னு சொன்னீங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமியார் என்னவென்று கேட்க, மகள் மெதுவாக, “ஆயா, அந்த ஜோக்க எழுதினது அம்மாதானாம்,” என்றாள். அவள் முகம் சுருங்கிப்போயிருந்தது. ரெக்கார்டு நோட்டு அவளுடையதுதானே.

பாகாலா ஜங்ஷனில் வண்டி நின்றபோதுதான் மாமியார் வாயைத் திறந்தார்.

“என்னை யாரும் ரெஸ்ட் எடுக்கச் சொன்னதே இல்லம்மா,” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. ஏதோ கேள்விப்படாத ஊரைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. அவர் பாத்திரத்தில் நடித்த பெண் அவரைப்போலவே இடுப்பில் கை வைத்து நின்றது ஞாபகம் வந்தது. நான்தான் அப்படி நிற்கச் சொல்லிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை நாலரைக்குக் கணவரும் எழுந்து அடுப்படிக்கு வந்தார். பால் பாக்கெட்டை எதால் வெட்டுவது என்பதிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. தனியாகச் செய்தால் இதைவிடச் சீக்கிரம் முடியும் என்று தோன்றியது, அடக்கிக்கொண்டேன். இரண்டு வாரம் எழுந்தார். பிறகு அவர் ஆபீஸில் ஆடிட் வந்தது, நின்றுபோனது. சட்டையை மட்டும் இன்றுவரை அவரே தேய்த்துக்கொள்கிறார். மகள் ரெக்கார்டு நோட்டை அதன்பிறகு என்னிடம் கொடுக்கவில்லை. அவள் வரைந்த வேர்க் குறுக்குவெட்டுத் தோற்றம் தோசை மாதிரி இருந்தது. பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றேன்.

அந்தக் கோடையில் இன்னொரு முறை கண் இருட்டியது. இந்த முறை யாரையும் கேட்காமல் ஒரு வாரம் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் பதினொரு மணி வரை தூங்கினேன். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டே எந்த அலமாரி தூசியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் கணவர் ஆபீஸிலிருந்து ஒரு மணி நேர அனுமதி வாங்கி இளநீரோடு வந்தபோது, நான் பிரிட்ஜைத் திறந்துபோட்டுக் கரண்டியால் ஐஸ் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

வாசலிலேயே நின்று பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். இளநீரைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து கரண்டியை என் கையிலிருந்து வாங்கினார். நான் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.