வட்டைக்குள் நின்றவர்

இங்கே மழை பெய்தால் யாரும் காய்ச்சலை நினைப்பதில்லை. எட்டு வருடமாக இங்கிலாந்தின் வடக்கில் ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் தொற்றுநோய் வைத்தியராக இருக்கிறேன். இன்னும் இது எனக்குப் பழகவில்லை. நாள் முழுக்கச் சிணுங்கும் மழையைப் பார்த்துக்கொண்டு, கூட வேலை செய்கிறவர்கள் காயாத துணிகளைப் பற்றிப் பேசுவார்கள். என் மனமோ கட்டில்களை எண்ணத் தொடங்கிவிடும். மட்டக்களப்பில் மாரி பிடித்தால் வார்டு நிரம்பும். டெங்கு, எலிக்காய்ச்சல், பெயர் கிடைக்காத காய்ச்சல். ஒரு கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழே பாயில் இன்னொருவர். இங்கே ஜன்னலில் முதல் துளி விழுந்ததும் எனக்குக் கால் நிலைகொள்ளாது. தேவையில்லாமல் ஒரு தரம் வார்டைச் சுற்றிவிட்டு வருவேன்.

என் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டையில் ரொசைரோ என்றிருக்கும். நாங்கள் மட்டக்களப்புப் புளியந்தீவில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பறங்கியர், போர்த்துக்கேய வழி வந்து தமிழ் பேசுகிறவர்கள். இங்கே நோயாளிகள் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, “போர்த்துக்கல்லில் எந்தப் பக்கம்?” என்று கேட்பார்கள். முதல் வருடம் பொறுமையாக விளக்கிச் சொன்னேன். இப்போதெல்லாம் “தெற்குப் பக்கம்” என்று சொல்லிவிட்டு நாடி பிடிக்கிறேன். தமிழர்களும் அந்த அட்டையைப் பார்த்துத்தான் என்னிடம் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசுவார்கள். தவராசாவும் அந்த அட்டையைத்தான் முதலில் பார்த்தார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. நீரிழிவுக்காரர். இங்கே பலசரக்குக் கடையொன்றில் இருபது வருட வேலை. ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவருக்குக் காய்ச்சல் விடவில்லை. உடம்பு பாதியாக வற்றிவிட்டது. நெஞ்சுப் படத்தில் நிழல் இருந்ததால் காசநோய் என்று தனி அறையில் போட்டு மருந்து தொடங்கியிருந்தார்கள். மூன்று வாரமாகியும் தேறவில்லை. இரத்தப் பரிசோதனையில் ஒரு போத்தலில் மட்டும் ஏதோ வளர்ந்திருந்தது. மண்ணில் கிடக்கும் சாதாரணக் கிருமியாக இருக்கலாம், இரத்தம் எடுக்கும்போது கலந்த மாசாகவும் இருக்கலாம் என்று ஆய்வுகூடம் எழுதியிருந்தது. இளம் வைத்தியர் ஹானா என்னைக் கூப்பிட்டு, “இவருக்குப் புத்தி தடுமாறுகிறது போலிருக்கிறது, மூளைப் படம் எடுக்கப் போகிறோம்” என்றாள். குறிப்பேட்டைக் காட்டினாள். காய்ச்சலில் ஆங்கிலம் மறந்துபோனவரிடம் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டிருக்கிறார்கள். ‘பண்ணையில் வேலை செய்யவில்லை. நாள் முழுக்க ஒரு வட்டத்துக்குள் நின்றதாகச் சொல்கிறார்.’

அந்த வரியை இரண்டு தரம் படித்தேன். பிறகு முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

“அண்ணன், வட்டைக்குள்ளயா நிண்ட நீங்க?” என்று கேட்டேன்.

மூடியிருந்த கண்கள் திறந்தன. அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

“ஓம். அதத்தான் எத்தின தரம் சொன்ன நான்! மச்சான் செத்த பொறகு தங்கச்சிட வயலப் பாக்க ஆளில்ல. விதைப்புக்கு நான்தான் வட்டைக்குள்ள இறங்கின நான். முழங்கால் மட்டுக்கும் சேறு.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “நீங்க மட்டக்களப்பா?” என்றார்.

“புளியந்தீவு.”

அவர் அழுதுவிட்டார். பிறகு வெளியே வந்தேன். எங்கள் ஊரில் வட்டை என்றால் வயல்வெளி என்று ஹானாவுக்கு விளக்கினேன். சேற்றிலும் தேங்கிய நீரிலும் ஒரு கிருமி இருக்கிறது. காலில் சின்னக் கீறல் போதும், நீரிழிவுக்காரரை எளிதில் பிடிக்கும். மெலியோய்டோசிஸ் என்று பெயர். காசநோய் போலவே வேஷம் போடும், காசநோய் மருந்துக்கு அசையாது.

எனக்கு அது தெரிந்திருந்ததற்குக் காரணம் பூமணி. பதினொரு வருடங்களுக்கு முன், கிழக்கில் நான் பயிற்சி வைத்தியராக இருந்த வார்டுக்குப் பனிச்சங்கேணியிலிருந்து வந்தவள். வயல்களில் வேளாண்மை வெட்டப் போகிறவள், மூன்று பிள்ளைகளின் தாய். அவளுக்கும் இதே நிழல், இதே காய்ச்சல். சளிப் பரிசோதனையில் மூன்று தரமும் காசநோய்க் கிருமி இல்லை. இரத்தத்தில் ஏதோ வளர்ந்தது. ‘மாசு. தேவையெனில் மீண்டும் அனுப்புக’ என்று தாள் வந்தது. அன்று வார்டு நிரம்பி வழிந்தது. நான் அந்தத் தாளை மடித்துக் கோப்பில் வைத்தேன்; மீண்டும் அனுப்பவில்லை. ஒன்பதாம் நாள் அவள் இறந்துபோனாள். என்ன நோய் என்று கேட்ட கணவன் குணரெத்தினத்திடம், “டீபி போலதான்” என்று சொன்னவள் நான்தான். பல வருடம் கழித்து இங்கே ஒரு விரிவுரையில் அந்தக் கிருமியின் பெயரைக் கேட்டபோது, அந்த மடித்த தாள்தான் கண்ணுக்குள் வந்தது.

ஆய்வுகூடத்துக்கு ஃபோன் பண்ணி என் சந்தேகத்தைச் சொன்னதும் அங்கே பரபரப்பாகிவிட்டது. தட்டில் வளர்த்த கிருமி மூச்சில் போனால் ஆபத்து என்று, திறந்த மேசையிலிருந்த கிருமித் தட்டைப் பூட்டிய அறைக்குக் கொண்டுபோனார்கள். அதைத் தொட்டவர்களின் பெயர்ப் பட்டியல் எடுத்தார்கள். எங்கள் சனம் இடுப்பில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கும் சேறு, இங்கே இரட்டைக் கதவுக்குப் பின்னால் போனது. நான் முடிவுக்குக் காத்திராமல் ஊசி மருந்தைத் தொடங்கச் சொன்னேன். இரண்டாம் நாள் முடிவு வந்தது. அதேதான்.

ஒரு வாரம் கழித்துத் தவராசாவின் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. ஊசி பல வாரம், பிறகு குளிசை பல மாதம் என்று சொன்னபோது அவர் தலையாட்டினார். அவர் கேட்டது வேறொன்று.

“இது மத்தாக்களுக்குத் தொத்துமா டொக்டர்? பேரப்புள்ளயத் தூக்கலாமா?”

“தாராளமாத் தூக்குங்க. இது ஆளுக்காள் தொத்துற வருத்தமில்ல.”

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். பூமணியின் வீட்டுக்கு அந்தச் சொல் போய்ச் சேரவேயில்லை.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையலைப் பாதியில் விட்டு எழுந்து நடந்தேன். கடைசியில், என்னோடு வேலை செய்து இன்னும் அங்கேயே இருக்கும் ஒரு நர்ஸ் மிஸ்ஸியைக் கேட்டேன். அவர் விசாரித்து, குணரெத்தினத்திடம் சம்மதமும் வாங்கி, நம்பர் அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த நம்பருக்கு ஃபோன் பண்ணினேன்.

“ஆரு? அந்தப் பறங்கி டொக்டரா?” என்றது குரல்.

சொன்னேன். பரிசோதனைகள் காசநோயைக் காட்டவில்லை, வயல் சேற்றுக் கிருமியாகத்தான் இருந்திருக்க வேண்டும், இனி முழுதாக நிரூபிக்க வழியில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். “நான் இன்னொருக்கா ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கணும். அனுப்பல்ல. மன்னிச்சுக்கொள்ளுங்க.”

“அனுப்பியிருந்தா இருந்திருப்பாளா?”

“இருந்திருக்கக்கூடும்.”

அவர் சொன்னார்: “மூத்தவள்ட கலியாணப் பேச்சு ரெண்டு தரம் நிண்டுபோச்சு டொக்டர். கச வருத்தக்காரிட மகளாம். ஊருக்குள்ள ஒரு வீட்டில என்ட புள்ளையளுக்குத் தண்ணி குடுக்கல்ல.” மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. “இப்ப சொன்னத ஒரு கடுதாசியில எழுதித் தாங்க. உங்கட வெளிநாட்டு விலாசமும் போட்டு எழுதுங்க. அப்பதான் இஞ்ச நம்புவாங்க.”

எழுத உட்கார்ந்தேன். இங்கத்தைய ஆஸ்பத்திரித் தாளில் எழுத எனக்கு உரிமையில்லை. அவள் இங்கத்தைய நோயாளியல்ல. அங்கத்தைய முத்திரை இப்போது என்னிடம் இல்லை. கடைசியில் வெறுந்தாளில் எழுதினேன். சளிப் பரிசோதனைகளைப் பற்றி, திரும்ப அனுப்பாத இரத்தத்தைப் பற்றி, பிள்ளைகளுக்கு இந்த நோய் தாயிடமிருந்து வந்திருக்க வழியில்லை என்பதைப் பற்றி. கையெழுத்துக்குக் கீழே ‘பூமணிக்கு வைத்தியம் பார்த்தவர்’ என்று போட்டேன்.

தபாற்கந்தோரில் இருந்த முதியவர் உறையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். ஊர்த் தபாற்காரர் சிரமமில்லாமல் படிக்கட்டும் என்று முன்பக்கத்தில் குணரெத்தினத்தின் விலாசத்தைத் தமிழிலேயே எழுதியிருந்தேன்.

“இது எங்கே போகிறது?” என்று கேட்டார்.

“வீட்டுக்கு” என்று என் வாயில் வந்துவிட்டது.

அவர் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்த என் விலாசத்தைப் படித்தார். சிரித்தபடி உறையை என்னிடமே நீட்டினார். “இரண்டு தெரு தள்ளித்தானே, அம்மணி. நடந்தே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே.”

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் அவரிடம் பேனாவைக் கடன் வாங்கி, குனிந்து, முன்பக்கத்தில் தமிழ் விலாசத்துக்குக் கீழே நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினேன்.