மந்தின் செம்மண் சாலையில் காற்றுப்பை விரிந்த காலை

என் மனைவி கவிதாவுக்கு அப்போது ஏழாம் மாதம். பிரசவத்துக்கு முன் தன் அப்பா வேலை பார்த்த தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்றாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை 8.10க்கு சிரம்பான் ரஹாங்கிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் கிளம்பினோம். மொத்தம் 26 கிலோமீட்டர். மந்தின் ஊரைத் தாண்டியதும் கடைசி ஆறு கிலோமீட்டர் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் சாலை. சின்ன காரே போதும். ஆனால் மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். நான் போனேன்.

8.55 இருக்கும். வளைவில் இரண்டு மாடுகள் நின்றன. பிரேக்கை அழுத்தியதும் கார் வழுக்கிப்போய், சிறுபாலத்தின் சிமெண்ட் தூணில் நேராக மோதியது. வேகம் நாற்பதுதான். பெரிய சத்தம். கண்ணைத் திறந்தபோது எங்கள் இருவர் முன்னாலும் வெள்ளைக் காற்றுப்பை தொங்கியது. உள்ளே புகை, கருகிய வாடை. தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

பின்னால் செம்பனைப் பழ லாரியில் வந்த முனியாண்டி அண்ணன் கதவைத் திறந்தார்.

"தீ இல்ல தம்பி, பேக்கு வெடிச்ச பவுடர்லா. மொதல்ல தங்கச்சிய எறக்கு."

கவிதாவின் தோளில் பெல்ட் அழுத்திய சிவப்புக் கோடு, மூக்கில் சிராய்ப்பு. அவள் அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "புள்ள அசையலங்க" என்றாள்.

அண்ணன் எங்களை லாரியிலேயே ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு குழிக்கும் வேகத்தைக் குறைத்தார். அசைகிறதா என்று இரண்டு மூன்று முறை கேட்டேன். அதற்குமேல் கேட்கப் பயமாக இருந்தது.

9.50க்கு சிரம்பான் ஆஸ்பத்திரி. தாதி, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்தார். வெறும் இரைச்சல். இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினார். தடதடவென்று துடிப்பு கேட்டது. கவிதா அப்போதுதான் அழுதாள்.

காரை மம்பாவ் ஊரிலுள்ள பட்டறைக்கு இழுத்துப்போக 180 ரிங்கிட் ஆனது. போன வருடம் கார் நிறுத்துமிடத்தில் சுவரில் இடித்து முன்பக்கம் நசுங்கியபோது பை விரியவில்லை, இப்போது மட்டும் ஏன் என்று பட்டறைக்காரர் ரவியிடம் கேட்டேன்.

"ஸ்பீட் மீட்டர பாத்து வெடிக்காது பிரதர். வண்டி எவ்வளவு சடார்னு நிக்குதோ, சென்சர் அதத்தான் பாக்கும்."

மெதுவான இடிக்கு பெல்ட்டே போதுமாம். பின்னாலிருந்து யாராவது மோதினால் முன்பக்கப் பைக்குப் பெரும்பாலும் வேலையில்லை. சிமெண்ட் தூண் அப்படியில்லை, அசைந்து கொடுக்காது. கார் அரை நொடிகூட ஆகாமல் நின்றுவிடும். கண் இமைப்பதற்குள் பை நிறைந்து, உடனே தளர்ந்துவிடும். ஒருமுறை விரிந்த பை மறுபடி உதவாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

பிறகு, கவிதா காலைத் தூக்கி முன்னால் வைத்திருந்தாளா என்று கேட்டார். வைத்திருந்தால் பை விரியும் வேகத்தில் இடுப்பெலும்பே முறிந்திருக்குமாம். இல்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் கால் வீங்கியிருந்ததால் ரஹாங்கிலிருந்து மந்தின் வரை டாஷ்போர்டு மேல்தான் வைத்திருந்தாள். செம்மண் சாலை குலுக்கியதால் இறக்கினாள். காலை இறக்கு என்று வழியில் நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கர்ப்பிணிகள் பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில் போடுங்கள். ஓட்டுபவரின் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் முதலில் பட்டறைக்குப் போங்கள்.

அடுத்த மாதம் பிரசவம். கோயிலுக்கு இன்னும் போகவில்லை. இப்போதெல்லாம் காரில் ஏறியதும் குனிந்து, கவிதாவின் கால் தரையில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் வண்டியைக் கிளப்புகிறேன்.