பர்னருக்கு மூக்கடைப்பு

புளி வாசனையும் கேஸ் வாசனையும் ஒரே மூச்சில் மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும் என்று உங்களில் நிறைய பேருக்குத் தெரிந்திருக்காது. ஊறின புளி, பித்தளைக் களிம்பு, அழுகின கோஸ் மாதிரி நாறும் அந்தக் கேஸ், மூன்றும் கலந்த நெடி அது. எனக்கு அறுபது தாண்டிவிட்டது, இன்னும் அது என் மூக்கைவிட்டுப் போகவில்லை.

கன்னடச் சீமையில் தமிழர்கள் நிறைந்த காக்ஸ் டவுனில் ஒரு பெண்கள் ஹைஸ்கூலில் அம்மா ஆயாவாக இருந்தாள். என் படிப்பு ஐந்தாவதோடு நின்றுபோயிருந்தது. சின்னத் தம்பியைப் பக்கத்து வீட்டில் விடுவாள், என்னை வீட்டில் தனியாக விடப் பயந்து கூடவே கூட்டிக்கொண்டு போவாள். "லேப்" என்று சொல்லும் பெரிய அறையில், கண்ணாடி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு, அதில் போய் ஒடுங்கிக்கொள்வேன். யார் என் பேரைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வேனே தவிர பதில் வராது. தெருவில் எனக்கு "ஊமச்சி" என்றே பேர். "வாயில என்னடி, கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பாள்.

அந்த லேபைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டார். அம்மா அப்போது "டெம்பரரி"தான், எந்த நாளும் நாளைக்கு வராதே என்று சொல்லிவிடலாம். செய்முறைப் பரீட்சை நல்லபடியாக முடிந்தால் அந்தப் பெரியவர் இடத்துக்கு அம்மா பேரை எழுதி அனுப்பச் சொல்லி ஹெட்மிஸ்ட்ரஸிடம் கேட்கிறேன் என்று சயின்ஸ் எடுக்கும் கிரேஸ் டீச்சர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அம்மா கால் தரையில் நிற்கவில்லை. வெளியிலிருந்து பரீட்சை நடத்த ஆள் வருகிறார், அதற்குள் பர்னரையெல்லாம் சுத்தம் பண்ணு என்றதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பன்சன் பர்னர் என்பது வேறொன்றுமில்லை, கனத்த அடி, அதன்மேல் ஒரு சாண் பித்தளைக் குழல், குழலின் கீழே காற்றுப் போக ஒரு ஓட்டை, ஓட்டையை மூடித் திறக்க ஒரு வளையம். மொத்தம் பதினாறு இருந்தன, பதினாறும் கறுத்துக் கிடந்தன. அம்மா கண்ணுக்கு அவை குத்துவிளக்காகத்தான் தெரிந்தன. "பித்தளைன்னா புளி, வேற பேச்சே இல்ல" என்று சொல்லி, முதல் நாள் சாயங்காலமே எல்லாவற்றையும் புளிக் கரைசலில் முழுக ஊறப் போட்டாள். மறுநாள் இரண்டு பேரும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி வெயிலில் வரிசையாக வைத்தபோது, போகிற வருகிற பிள்ளைகளெல்லாம் நின்று பார்த்தார்கள். அப்படி ஒரு பளபளப்பு.

பள்ளி விட்டபிறகு டீச்சர் வந்து கேஸைத் திறந்து தீக்குச்சி வைத்தார். முதல் பர்னர் பற்றவே இல்லை. இரண்டாவதில் விரல்நுனி அளவு மஞ்சள் சுடர் எழுந்து நடுங்கியது. மூன்றாவதும் நாலாவதும் அப்படியே.

"என்ன முனியம்மா, நாளைக்கிப் பரீட்சையா, கார்த்திகை தீபமா? இதுல தண்ணி கொதிக்கறதுக்குள்ள பொண்ணுங்களுக்குக் கல்யாணமே ஆயிடும்."

வாய்தான் வேடிக்கை பேசியது, டீச்சர் முகத்தில் சிரிப்பில்லை.

"நல்லாத்தான் தேச்சேன் டீச்சரம்மா, மூணு தண்ணில கழுவினேன்" என்று சொல்லிக்கொண்டே அம்மா முந்தானையால் மறுபடியும் துடைத்தாள், துடைத்தால் எரிந்துவிடும் என்பது போல.

"நாளைக்கி வர்றவருக்கு நான் என்ன பதில் சொல்றது? உன் பேர எழுதச் சொல்லி எந்த மொகத்தோட கேக்கறது?" என்றார் டீச்சர். அம்மா கை துடைப்பதை நிறுத்திவிட்டது.

எனக்கு விஷயம் தெரியும். வீட்டில் பம்ப் ஸ்டவ் பற்றவைப்பது என் வேலை. மண்ணெண்ணெய்க் கசடு, எண்ணெய் சீறிக்கொண்டு வெளியே வரும் ஊசிமுனை அளவு "நிப்பிள்" ஓட்டையில் உட்கார்ந்துவிட்டால் இதே நோஞ்சான் சுடர்தான் வரும், அதற்கு எங்கள் வீட்டில் "மூக்கடைப்பு" என்று பேர். தெரிந்து என்ன, வாய் வர வேண்டுமே. சந்திலிருந்து வெளியே வந்து அம்மாவின் புடவையை இழுத்தேன். டீச்சர் குனிந்து, "என்ன வேணும் பாப்பாவுக்கு?" என்றார்.

"அது பேசாது டீச்சரம்மா, விடுங்க" என்றாள் அம்மா.

அந்தச் சொல் எங்கேயோ சுருக்கென்று தைத்தது.

"மூக்கடைச்சிருக்கு டீச்சர்" என்றேன்.

"யாருக்கு, உனக்கா?"

"பர்னருக்கு."

டீச்சர் கேஸை மூடி, ஆறவிட்டு, குழலைத் திருகிக் கழற்றினார். உள்ளே வேப்பங்கொட்டை அளவில், எங்கள் வீட்டு ஸ்டவ்வில் இருப்பது போலவே ஒரு நிப்பிள். அதன் தலையில் புளிச் சக்கை அப்பிக் காய்ந்திருந்தது. "ஐயோ, என் கையாலயே கெடுத்தேனே" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றினார்.

"வேணாம் டீச்சர், ஓட்ட பெருசாயிடும். ஸ்டவ் பின்தான் போடணும்."

ஒரே நாளில் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு ஓடினேன். "ஸ்டவ் பின்" என்பது ஒரு தகரத் துண்டு, நுனியில் தலைமுடி போல ஒரு கம்பி, நாலு குத்தில் முறிந்துவிடும். அதனால் அக்கம்பக்கத்து வீடுகளிலும் வாங்கிக்கொண்டேன். "ஊமச்சி வந்து வாய் தெறந்து கேக்குதுடி!" என்று ஆச்சரியத்திலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் மூன்று பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குத்தி, ஊதி, கழுவி மாட்டினோம். ஒன்றில் மட்டும் கம்பி உள்ளேயே முறிந்துபோயிற்று. மற்ற பதினைந்திலும் வளையத்தைத் திறந்ததும் "உஸ்" என்ற சத்தத்தோடு நீலம் எழும்பியது. அம்மா அந்த நீலத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பரீட்சை நடந்தது. மழைக்காலம் வருவதற்குள் அம்மாவுக்கு வேலை நிலைத்தது, ரிட்டயர் ஆகும்வரை அந்த லேபிலேயே இருந்தாள். டீச்சர் என்னை ஆறாவதில் சேர்க்கச் சொன்னார், அது நடக்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. ஆனால் ஹைஸ்கூல் பிள்ளைகள் "முனியம்மா, இங்க மூக்கடைச்சுக்கிச்சு" என்று கூப்பிடுவதை, தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சந்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். என் சொல் அவர்கள் வாயில்.

இப்போது அதே நகரத்தின் இன்னொரு கோடியில், ஹெப்பகோடியில் மகன் வீட்டில் இருக்கிறேன். அந்தத் தம்பியின் பேத்தி அதே பள்ளியில் படிக்கிறாள். சயின்ஸ் கண்காட்சிக்கு வா என்று போன மாதம் இழுத்துக்கொண்டு போனாள். சந்தும் இல்லை, கண்ணாடி அலமாரியும் இல்லை, மேஜையெல்லாம் புதுசு. ஒரு பர்னர் சரியாக எரியாமல் சிணுங்கியது. அங்கே வேலை செய்யும் மஞ்சுளா என்கிற கன்னடத்துப் பெண் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதக்கே மூகு கட்டிதே" என்றாள். இதற்கு மூக்கடைத்திருக்கிறது என்று. ஒரு துண்டு ஒயருக்குள்ளிருந்து ஒற்றைக் கம்பியை உருவி எடுத்துக் குத்த ஆரம்பித்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போனேன். யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டேன். "யாரும் இல்ல அஜ்ஜி, இங்க மொதல்லேர்ந்தே அப்படித்தான் சொல்றது" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவர்கள் பாஷையில் பாட்டிக்கு அஜ்ஜி.

அவளுக்குக் கொடுக்கலாம் என்று திரும்பும் வழியில் கடை கடையாக ஸ்டவ் பின் கேட்டேன். ஒரு கடைக்காரர் செல்போன் சிம் எடுக்கிற பின்னை நீட்டினார். ஸ்டவ்வும் போயிற்று, பின்னும் போயிற்று, அம்மாவும் டீச்சரும் போய்விட்டார்கள். அந்த ஒரு சொல் மட்டும் பாஷை மாறி அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

முதலில் சொன்னது நான்தான் என்று அன்றைக்கு மஞ்சுளாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அம்மா சொன்ன அந்தக் கொழுக்கட்டையை இன்றைக்கு உங்களிடம் சொல்லி வாயிலிருந்து இறக்கி வைத்துவிட்டேன்.