ரீச்சர் திருப்பி அனுப்பிய பிள்ளை

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. இணுவிலில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு ரீச்சர் சிறுபிள்ளைகளுக்குக் கோடிங் வகுப்பு நடத்தினார். மகளைச் சேர்த்த மூன்றாம் கிழமையே அவர் அவளின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தார். பிள்ளைகளை ஏற்ற வந்த தாய்மார் ஏழெட்டுப் பேர் அங்கே நின்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

“இவவுக்கு இது சரிவராது. நீங்கள் தைக்கிறனீங்கள்தானே, அதைப் பழக்கிவிடுங்கோ.”

வீட்டில் தையல்தான் என் தொழில். அந்த ரீச்சரின் சட்டைத் துணியும் என் மேசையில் கிடந்தது. வரும் வழியில் சைக்கிள் கரியரில் இருந்தபடி மகள் கேட்டாள்.

“அம்மா, எனக்கு மூளை இல்லையோ?”

வீட்டுக்கு வந்ததும் துணியை வெட்டாமலே மடித்துத் திருப்பி அனுப்பினேன். சட்டைக் கழுத்தைக் கோணலாக வெட்டிக் கொடுப்போமா என்று யோசித்ததும் உண்மைதான். ஆனால் அந்தளவு பழி எனக்குக் காணாது. அதே தாய்மாருக்கு முன்னால் அவர் தலைகுனியவேண்டும்.

எனக்குக் கணினி தெரியாது. நூலகத்தின் சிறுவர் பகுதியில் தேடி ஒரு படப் புத்தகம் எடுத்துவந்தேன். சொன்னதை மட்டும் செய்கிற இயந்திரம் ஒன்றுக்கு ஒரு சிறுமி கட்டளை கொடுக்கும் கதை. பின்னேரங்களில் தையல் மெசினை மூடிவிட்டுப் பாய் விரித்து, நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக வாசித்தோம். வாசித்ததைச் செய்தும் பார்த்தோம். நான் கட்டளை சொல்வேன், அவள் இயந்திரம்.

பைப்படிக்குப் போ, கோப்பையைப் பிடி, செவ்வரத்தைச் செடிக்கு மூன்று தரம் ஊற்று என்றேன் ஒருநாள். அவள் வெறுங்கோப்பையை மூன்று தரம் கவிழ்த்துவிட்டு நின்றாள். பைப்பைத் திறக்கச் சொல்லவில்லையே என்றாள். அன்று இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு அவளே எழுதத் தொடங்கினாள்: நாய் படுத்திருந்தால் சுற்றிப் போ, இல்லாவிட்டால் நேரே போ.

எல்லா நாளும் சிரிப்பாக இருக்கவில்லை. அவள் பிழைவிட்டால் ரீச்சரின் குரல்தான் எனக்குக் கேட்கும். “உப்பிடிச் செய்தால் அவ சிரிப்பா” என்று ஒருமுறை கத்திவிட்டேன். யார் என்று மகள் கேட்கவில்லை. புத்தகத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் அந்த வகுப்பின் கண்காட்சி வாசிகசாலை மண்டபத்தில் நடந்தது. நானே தைத்த சட்டையை மகளுக்குப் போட்டுக் கூட்டிப்போனேன். மேசையில் மட்டையில் செய்த ஊர். அதில் ஒரு சின்னக் கார். கட்டளை அட்டைகளை எந்த ஒழுங்கில் வைக்கிறோமோ அந்த ஒழுங்கில் அது ஓடும். ரீச்சர் ஓட்டிக் காட்டினார். கார் நேரே போய் மேசையிலிருந்து விழுந்தது. மறுபடியும் விழுந்தது. பற்றரி குறைந்துவிட்டது என்றார்.

நான் மகளின் முதுகில் கைவைத்து முன்னுக்குத் தள்ளினேன்.

“ரீச்சர், திரும்புற அட்டை பிந்தி வந்திட்டுது,” என்று மெல்லச் சொன்னாள். இரண்டு அட்டைகளை மாற்றிவைத்தாள். கார் வளைந்துபோய் மட்டை வீட்டின் வாசலில் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். ரீச்சரும் தட்டினார், இவ எந்த வகுப்புக்குப் போறவ என்று கேட்டார். அவருக்கு ஞாபகமே இல்லை. அது என்னை இன்னும் எரித்தது.

“நீங்கள் சரிவராது எண்டு திருப்பிவிட்ட பிள்ளை,” என்றேன் உரத்து. “வீட்டிலை என்னோடை இருந்து புத்தகம் வாசிச்சுப் பழகினவ. நான் தைக்கிறனான்.”

முன்பு வாசலில் நின்ற தாய்மாரில் இருவர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ரீச்சரின் முகம் கறுத்தது. அதை நான் ஆறுதலாகப் பார்த்தேன். கண்ணை எடுக்க மனம் வரவில்லை. பிள்ளையைத் திரும்ப வகுப்புக்கு அனுப்பச் சொல்லித் தணிந்த குரலில் கேட்டார். தேவையில்லை என்றேன்.

வீட்டை நெருங்கும்போது மகள் கேட்டாள்.

“இனி நாங்கள் வாசிக்கிறேல்லையோ, அம்மா?”

நான் சைக்கிளை நிறுத்தினேன். ரீச்சருக்குக் காட்டத்தான் வாசிக்கிறோம் என்று எவ்வளவு காலமாக மனதில் வைத்திருந்தாளோ தெரியாது. வாசிப்போம் என்றேன். அடுத்த சனிக்கிழமை புதிதாக இரண்டு புத்தகம் எடுத்தோம்.

தேர்த் திருவிழாவில் ரீச்சர் எதிர்ப்பட்டு மகளின் தலையைத் தடவினார். மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.