ஏழுமலையின் லாரிக்கு நான் கேட்ட இரண்டு செகண்ட்

ஏழுமலை செத்துவிட்டான்.

காலமானார், இயற்கை எய்தினார் என்றெல்லாம் எழுத எனக்கு வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானம், உத்திரமேரூர் பக்கம், கல் உடைக்கும் கிரஷருக்குப் பிரியும் மண் பாதையிலிருந்து நிற்காமல் மெயின் ரோட்டில் ஏறிய டிப்பர் லாரி அவனை பைக்கோடு சேர்த்து நசுக்கிக் கொன்றுவிட்டது.

ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். போட்டிருந்தான். தலை அப்படியே இருந்தது. நெஞ்சுக்குக் கீழேதான் ஒன்றும் இல்லை.

எங்கள் டீமில் ஆறு வருடமாக வெப் டெவலப்பர். நான் அவனுக்கு லீட். ஊரில் காலனி வீட்டிலிருந்தே வேலை பார்ப்பான், சென்னை ஆபீஸுக்கு மாதம் ஒரு முறை வருவான்... வரும்போதெல்லாம் ஒரு சண்டை.

"ஒரு பட்டன் அமுத்த நாலு எம்பி டேட்டா எறக்கணுமாணா? கொத்தமல்லி வாங்க லாரி புடிச்சிக்கினு போறாமாரி கீது."

ஒரு மீட்டிங்கில், நாங்கள் செய்த பேஜ் பழைய போனில் திறக்கவே இல்லை என்றான். அந்த போன் வைத்திருப்பவர்கள் நம் கஸ்டமரே இல்லை என்று மேனேஜர் சிரித்தார். அடுத்த நொடி மவுஸ் பறந்து போய் சுவரில் இருந்த கண்ணாடி போர்டில் விழுந்தது. மேலிருந்து கீழ் வரை விரிசல்.

"அது எங்க நைனா போன் சார்."

அவன் வேலை போகாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த வாரமே அந்தப் பேஜை முதலிலிருந்து எழுதினான். அவன் அப்பா போனில் பட்டென்று திறந்தது.

அந்த அப்பாவுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே கிடையாது. அஞ்சு வருடத்துக்கு முன்னால் அதே கிரஷர் திருப்பத்தில், சைக்கிளில் வந்தவர் மேல் ஒரு டிப்பர் ஏறி இறங்கியது. கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அன்றோடு சரி.

அதன் பிறகுதான் ஏழுமலை அந்த கேமை எழுத ஆரம்பித்தான். தனி ஆளாக. பெயர் 'ஒதுங்கு'.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பைக்கில் வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, பாயிண்ட் இல்லை. ஒதுங்கலாம். கடைசித் திருப்பத்தில் லாரி வரும். எப்போது வரும் என்று தெரியாது. அடித்தால் திரை சிவப்பாகாது, இசை வராது... செருப்பு ஒன்று மட்டும் ரோட்டில் கிடக்கும்.

ஆடிப் பார்த்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். நியாயமே இல்லாத கேம் என்றார்கள். நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

"லாரி வர்றதுக்கு ரெண்டு செகண்ட் முன்னாடி ஓரத்துல ஒரு சிவப்பு லைட் காட்டு ஏழு. ஆடுறவனுக்கு ஒரு வாய்ப்பு குடு."

"ரோட்டுல எவன்ணா லைட்டு காட்டிக்கினு வரான்?"

"இது ரோடு இல்லடா, கேம்."

"எங்க நைனாவுக்கு எவன் குடுத்தான் ரெண்டு செகண்டு?"

போனிலேயே கத்திக்கொண்டோம். அவன் கெட்ட வார்த்தையில் திட்டினான், நானும் விடவில்லை. ஒரு வாரம் பேச்சே இல்லை.

அப்புறம் அவனே லைட்டை வைத்துவிட்டு மெசேஜ் அனுப்பினான். "வச்சிட்டேன். போதுமா."

சின்ன சின்ன கேம்களுக்கான ஒரு கண்காட்சியில் அதை எடுத்துக்கொண்டார்கள். பாராட்டினார்கள். நான் சொன்னேன் பார்த்தாயா என்று அவனிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன்.

அவன் அப்பா மட்டும் ஆடிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். "இன்னாடா இது, லாரிக்காரன் சொல்லிட்டா வரான்?"

வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது லாரியின் கண்ணாடியை ஜனங்கள் நொறுக்கிவிட்டிருந்தார்கள். டிரைவர் ஓடிவிட்டான். ஒரு ஹெட்லைட் மட்டும் மிச்சம் இருந்தது. நான் கல்லை எடுத்தேன்... கண்ணாடி என் கையில் ஏறும் வரை அடித்தேன். கீபோர்டைத் தவிர எதையும் அடித்துப் பழகாத கை.

டிரைவர் கையில் கிடைத்திருந்தால் கொன்றிருப்பேன். கிடைக்காதது நல்லது என்கிறார்கள். எனக்கு இன்னும் அப்படித் தோன்றவில்லை. எந்தக் கிரஷர் லாரி என்று இங்கே எழுதினால் நாளைக்கு இந்தப் பதிவு இருக்காது.

உடம்பை வெள்ளைத் துணியில் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்கள். அவிழ்க்க வேண்டாம் என்றார்கள். அவன் அப்பா ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு அந்த மூட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். காலைத் தேடுகிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை புதைத்தோம்.

நேற்றுக் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டார். "நீ கூட கம்ப்யூட்டர்காரன் தான நைனா? அந்த வெளாட்டுல லைட்டு ஒண்ணு எரியுது பாரு... அத்த அணைச்சிடு."

அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தே லேப்டாப்பைத் திறந்தேன். கேமின் கோட் எனக்கும் திறக்கும்படி வைத்திருந்தான் பாவி. லாரி வரும் இடத்தைத் தேடினேன். 2 என்ற எண், பக்கத்திலேயே அவன் தனக்காக எழுதி வைத்த ஒரு வரி: 'அண்ணா கேட்டாரு. ரோட்ல இது கிடையாது.'

2-ஐ அழித்துவிட்டு 0 போட்டேன்.

அவர் தன் போனில் ஆடினார். பஸ் ஸ்டாண்ட், ரோடு, திருப்பம். லைட் எரியவில்லை. லாரி வந்து அடித்தது. ரோட்டில் செருப்பு கிடந்தது.

போனை மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்:

"இப்பதான் கரீட்டா கீது."

எடுத்துட்டேன்டா ஏழு. போய் வா.