அஃப்சர் கானுமின் முன்பல் சந்து

ஈரானின் யஸ்த் நகரில் மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்யும் அஃப்சர் கானும் (கானும் என்றால் அந்த ஊரில் அம்மணி), வாய் திறக்காத பிஸ்தா ஒன்றை முன்பல்லால் உடைக்கப் போய்ப் பல்லை உடைத்துக்கொண்டார். பிஸ்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேரைப் பிடுங்கிய சூட்டோடு புதுப்பல் வைத்திருக்கலாம். கல்யாண மாதம் போகட்டும், நோன்பு போகட்டும் என்று தள்ளிப்போட்டதில் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அதுவரை கடையில் முகக்கவசம் போட்டுக்கொண்டார். பவுடர் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை.

பல் டாக்டர் கஹ்ரமானி படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் தாடை எலும்பு கரைந்துவிட்டது, புதுப்பல்லைத் தாங்கும் திருகு வைத்தால் நிற்காது என்றார். மாட்டெலும்புப் பொடியை நிரப்பித் தைக்க வேண்டும். அது எலும்போடு எலும்பாக ஒட்டிய பிறகுதான் திருகு, அதற்கும் பிறகுதான் பல். பஸ் ஓட்டும் கணவர் ஸைஃபுல்லாவுக்கு இந்தச் செய்தி போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து சாப்பாட்டு விரிப்பில் துளசியும் புதினாவும் அடுக்கிய பச்சிலைத் தட்டை வைத்தவுடன், "மொதல்ல நீ மேஞ்சுக்கம்மா" என்று மனைவி பக்கம் தள்ளினார். அஃப்சர் கானும் மேய்ந்தார்.

எலும்பு ஒட்டியது. திருகும் பிடித்தது. ஒருவழியாகப் பல் வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். நிறம் பக்கத்துப் பல்லின் நிறமேதான், ஈறின் வளைவும் அப்படியே. ஆனால் இரண்டு முன்பற்களுக்கு நடுவே பிறவியிலேயே இருந்த சந்தைக் காணோம். அவர் அப்பாவுக்கு அந்தச் சந்து உண்டு, கூட வந்திருந்த மகள் நெகாருக்கும் உண்டு. டாக்டர் அதை ஒரு குறை என்று தாமாகவே முடிவு செய்து, புதுப்பல்லைக் கொஞ்சம் அகலமாகச் செய்து அடைத்துவிட்டார்.

எப்படி இருக்கிறது என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். மாதக்கணக்கில் பாடுபட்டவரின் முகத்துக்கு நேரே குறை சொல்கிற பழக்கம் யஸ்தில் கிடையாது. "உங்க கைக்கு ஒரு வலியும் வரக் கூடாது டாக்டர், பிரமாதம்" என்றார் அஃப்சர் கானும். இருபதுக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்றதற்கு இருபது என்றார். டாக்டர் நம்பிவிட்டார். மணப்பெண்கள் சொன்ன எந்தப் பாராட்டையும் அஃப்சர் கானும் ஒருநாளும் நம்பியதில்லை. அவர்கள் இரண்டாவது தடவை கண்ணாடியைப் பார்க்கிற பார்வையை வைத்துத்தான் எதையும் முடிவு செய்வார். இவ்வளவு படித்த மனுஷனுக்கு இது தெரியாதா என்று வழியெல்லாம் பொருமினார். பொய் சொன்னது தான்தான் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகே உறைத்தது.

கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் பத்து வயது குறைந்துவிட்டது என்றார்கள். புருவத்துக்கு நூல் போடும்போது நூலை மாட்டுவதற்கு அந்தச் சந்து இல்லை. நூல் நழுவி நழுவி வந்தது. சுற்றிலும் கண்ணாடி மாட்டிய கடையில், கண்ணாடியில் தெரிந்த பெண் யாரோ ஒரு வாடிக்கைக்காரியைப் போலச் சிரித்தாள். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் நெகார், தன் பல்லையும் அடைத்துவிட டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். உனக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்றார் அம்மா.

"அப்ப நீ ஏன் அடச்சுக்கிட்ட?"

அம்மா டாக்டருக்கு இருபதுக்கு இருபது போட்டபோது பக்கத்தில் நின்று கேட்டவள் அவள். நானாக அடைக்கவில்லை என்றால் நம்புவாளா? தன் பல் போனதற்குக்கூட அவர் இப்படிக் கலங்கியதில்லை.

குறித்த நாளில் மகளோடு போனார். நெகார் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சந்து பளிச்சென்று தெரிந்தது. டாக்டர் அஃப்சர் கானுமின் பல்லைக் காட்டி, இதேபோல ஆகிவிடும் என்று மகளுக்கு எடுத்துச் சொன்னார். பிறகு அம்மா பக்கம் திரும்பித் திருப்திதானே என்றார். வாய் பழக்கதோஷத்தில், "தங்கக் கை டாக்டர் உங்களுக்கு" என்றது.

டாக்டர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். "உங்க தகுதிக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, கானும்."

அந்த ஊரில் யாரைப் புகழ்ந்தாலும் இப்படித்தான் சொல்வார்கள். ஐயோ அப்படிச் சொல்லாதீர்கள் என்று மறுப்பது எதிராளியின் வேலை. டாக்டர் அதற்காகக் காத்திருந்தார்.

"ஆமா டாக்டர். ஒண்ணுமே இல்ல" என்றார் அஃப்சர் கானும்.

டாக்டரின் கை நெஞ்சிலேயே நின்றது.

"கழட்டிடுங்க. நடுவுல சந்து விட்டு வேற பண்ணிக் குடுங்க."

"இருபது போட்டீங்களே?"

"அது எலும்புக்கு. எலும்பு நல்லா ஒட்டியிருக்கு. பல்லு என்னோடது இல்ல."

டாக்டர் விளக்கையும் பார்த்தார், தன் கையுறையையும் பார்த்தார். இப்படி ஒரு பேச்சுக்கு என்ன மறுமொழி என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நெகார் திறந்த வாயோடு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்குடி" என்றார் அஃப்சர் கானும். "மொதல்ல நான் உக்காரணும். என் பல்லப் பாத்துட்டு அப்புறம் ஒன்னோடத முடிவு பண்ணு."

நெகார் வாயை மூடிக்கொண்டு இறங்கினாள்.